குறித்துக் கொடுத்த தேதி

எங்கள் வீட்டு இரும்பு அலமாரியில், நிலப் பத்திரங்களுக்கு அடியில், நான்காய் மடித்த ஒரு காகிதம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், மதுரையிலுள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து என் பேத்தியை வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த சீட்டு அது. அதன் அடியில் ஒரு செவிலியர், "கண் பரிசோதனை 20.11.2013. தவறாமல் வரவும்" என்று சிவப்பு மையால் எழுதி, கீழே இரண்டு கோடுகளும் இழுத்திருக்கிறார். அந்தத் தேதியில் நாங்கள் போகவில்லை. போக வேண்டாமென்று தடுத்தவள் நான்.

நான் முப்பத்தோராண்டுகள் கணித ஆசிரியையாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள். எழுத்தறியாத கிழவி ஒருத்தி செய்த பிழை என்று இதை எவரும் ஒதுக்கிவிட இயலாது. பேறுகாலம் என்று வந்துவிட்டால், படித்த வீட்டிலும் படியாத வீட்டிலும் பாட்டியின் சொல்லே சட்டமாகிறது. அந்தச் சட்டம் எங்கே தவறியது என்பதை, என்னைப் போன்ற பாட்டிமார்கள் அறிந்துகொள்ள வேண்டுமென்றே எழுதுகிறேன். மகளிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்கள் அம்மா, பெயர் மட்டும் வேண்டாம்" என்றாள்.

என் மகளுக்கு அது தலைப்பிரசவம். ஏழாம் மாதத்தில் இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. கால்கள் வீங்கின. இனிப் பொறுத்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று மருத்துவர்கள் முடிவு செய்து, அக்டோபர் 4-ஆம் நாள் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். கருவுற்று இருபத்தொன்பது வாரமே நிறைந்திருந்தது. எடை 1,120 கிராம். மருமகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார். குழந்தையைக் கண்ணாடி வழியாகப் பார்த்தவர், ஒரு வார்த்தையும் பேசாமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். என் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்தால் அவள் முழு உடலும் அடங்கிவிடும்.

குழந்தையை இன்குபேட்டர் என்னும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூக்கில் மெல்லிய குழாய் வழியாகப் பிராணவாயு சென்றுகொண்டிருந்தது. பாதத்தில் சிவப்பு ஒளி வீசும் சிறிய பட்டை ஒன்றைச் சுற்றியிருந்தார்கள். அதன் கம்பி வெளியேயிருந்த ஒரு கருவியில் சேர்ந்தது. அக்கருவியில் இரவும் பகலும் ஓர் எண் ஒளிர்ந்துகொண்டிருந்தது. இரத்தத்தில் பிராணவாயு எந்த அளவுக்குச் சேர்ந்திருக்கிறது என்பதை நூற்றுக்கு இத்தனை என்று காட்டும் எண் என்றார்கள். 91 என்று காட்டும், சற்றுப் பொறுத்து 93 என்று காட்டும், மீண்டும் 91.

நூற்றுக்கு நூறு வாங்கு என்று ஆயுள் முழுவதும் பிறர் பிள்ளைகளை விரட்டியவள் நான். என் பேத்திக்குத் தொண்ணூற்றொன்று போதுமென்று எப்படி ஒப்புக்கொள்வேன்? "சிஸ்டர், மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளைக்குக் காற்றை அளந்தா கொடுப்பார்கள்? கொஞ்சம் கூட்டி வைத்தால் குறைந்தா போய்விடும்?" என்று அங்கிருந்த செவிலியரிடம் மன்றாடினேன். இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத பெண் அவர். "இல்லை அம்மா. தொண்ணூறுக்கும் தொண்ணூற்றைந்துக்கும் நடுவில்தான் நிற்க வேண்டும். குறைந்தால் உயிருக்கு ஆபத்து. கூடினால் கண்ணுக்கு ஆபத்து. இரண்டுக்கும் மணி அடிக்கும்படி வைத்திருக்கிறோம்" என்று பொறுமையாகச் சொன்னார். எனக்கு அது கஞ்சத்தனமாகவே பட்டது. கண்ணுக்கும் மூச்சுக்கும் என்ன உறவு என்று மனத்துக்குள் கேட்டுக்கொண்டேன்.

உறவு உண்டு என்பதை, இருபத்தாறாம் நாள் கண் மருத்துவர் வந்து பார்த்தபின்பு அறிந்தேன். அவர் ஒரு தாளில் வட்டம் வரைந்து எங்களுக்கு விளக்கினார். கண்ணின் உட்புறத்தை விழித்திரை போர்த்தியிருக்கிறது. தாய் வயிற்றில் ஏறத்தாழ நாலாம் மாதத்தில், கண் நரம்பு நுழையும் இடத்திலிருந்து இரத்தக் குழாய்கள் புறப்பட்டு, அத்திரையின் மேல் மெல்லப் படர்கின்றன. மூக்குப் பக்கத்து ஓரத்தை முப்பத்தாறு வாரமளவில் அடைகின்றன. காதுப் பக்கத்து ஓரத்தை அடைய நாற்பது வாரமாகிறது. இருபத்தொன்பது வாரத்தில் பிறந்த குழந்தையின் கண்ணில் அவை பாதி வழியில் நிற்கின்றன.

நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். ஆகையால் எனக்கு விளங்கும் வகையில் இதை வைத்துக்கொண்டேன். வாய்க்கால் வெட்டிக்கொண்டு வருகிறார்கள்; கடைமடைக்கு வருமுன்னே வேலை நின்றுவிடுகிறது. வயிற்றுக்குள் இருந்தவரை குழந்தையின் இரத்தத்தில் பிராணவாயு மிகக் குறைவு. அந்தக் குறைவே குழாய்களை வளரத் தூண்டுவது. வெளியுலகில் வந்து மூச்சுவிடத் தொடங்கியதும் பிராணவாயு திடீரென்று பெருகுகிறது, வளர்ச்சி நின்றுபோகிறது. ஆனால் பயிர் வளராமல் இருக்குமா? சில வாரங்களில் கடைமடைப் பயிர் தண்ணீர் கேட்டுக் கதறுகிறது. அக்கதறலைக் கேட்டு, ஒழுங்கான வாய்க்கால் தோன்றுவதற்குப் பதிலாக, கண்ட இடத்தில் கரை உடைத்துக்கொண்டு கேடான புதுக் குழாய்கள் கிளம்புகின்றன. அவை விழித்திரையை விட்டு எழும்பி, கசிந்து, பின்பு வடுவாகிச் சுருங்குகின்றன. சுருங்கும்போது விழித்திரையையும் பிடித்து இழுத்துப் பிய்த்துவிடுகின்றன. பிய்ந்தபின் பார்வை இல்லை. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய் என்று இதற்குப் பெயர், மருத்துவர்கள் ஆர்.ஓ.பி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

இது வலிப்பதில்லை. கண் சிவப்பதில்லை, பீளை தள்ளுவதில்லை. வெளியிலிருந்து பார்க்கும் தாய்க்கு, குழந்தையின் கண் கருவண்டுபோலப் பளபளவென்றுதான் தெரியும். கண்மணிக்குள் வெண்மை தெரிகிற நாளில் காலம் கடந்திருக்கும்.

முதற் பரிசோதனையில் நோய் இல்லை, குழாய்கள் வளரவில்லை, அவ்வளவே என்றார்கள். நவம்பர் 13-ஆம் நாள் மறுபடியும் பார்த்தார்கள். நோய் தொடங்கியிருக்கிறது, ஆனால் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு இல்லை, ஒரு வாரத்தில் மீண்டும் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த இரண்டாம் பரிசோதனையின்போது நான் அறைக்குள் இருந்தேன். மருந்துச் சொட்டு விட்டுக் கண்மணியை விரித்தார்கள். இமைகள் மூடாதபடி கம்பிக் கருவி ஒன்றை வைத்தார்கள். மருத்துவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு வில்லையைப் பிடித்து, குனிந்து நோக்கினார். குழந்தை வீறிட்டு அழுதது. சிறிது நேரத்தில் அழுகை நின்றது. உதடு நீலம் பாய்ந்தது. மணி அலறியது. செவிலியர் முதுகைத் தட்டிவிட்டு மூச்சைத் திரும்பக் கொண்டுவந்தார். அரை நிமிடங்கூட இராது. என் வயிற்றுக்குள் அது நெடுநேரம் நடந்தது.

ஆகவே, வீட்டுக்கு வந்தபின் நான் தீர்மானித்துவிட்டேன். கார்த்திகை மாதத்து ஈரக்காற்று. எங்கள் ஊரிலிருந்து திண்டுக்கல் வந்து மதுரை போய்ச் சேர இரண்டரை மணி நேரப் பயணம். குழந்தையோ இரண்டு கிலோவுக்கும் குறைவு. என் மாமியாருக்கு அப்போது வயது எண்பத்தாறு. "உச்சிக்குழி துடிக்கிற பிள்ளையை ஊர்க்காற்றில் தூக்கிக்கொண்டு போவார்களா?" என்று அவர் கேட்டார். அவர் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். உண்மையில் அவர் சொல்லாவிடினும் நான் போகவிட்டிருக்கமாட்டேன். "நோய் பெரிதாக இல்லையென்று அவர்களே சொன்னார்களே, எடை கூடட்டும், பிறகு பார்ப்போம்" என்றேன். மகள் இரண்டு முறை எதிர்த்துப் பேசினாள். அறுவைக் காயம் ஆறாத உடம்பு. மூன்றாம் முறை பேசாமல் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

20-ஆம் தேதி கடந்தது. 21-ஆம் தேதி மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. நாளை வருகிறோம் என்று சொல்லி வைத்தேன். 26-ஆம் தேதி மறுபடியும் வந்தது; சளி பிடித்திருக்கிறது என்று பொய் சொன்னேன். டிசம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, மூன்றாம் முறை மணி அடித்தது. அதே இளம் செவிலியர். அன்று அவருக்கு விடுமுறையாம். தம் சொந்தத் தொலைபேசியிலிருந்து பேசுவதாகச் சொன்னார். "அம்மா, நீங்கள் டீச்சராயிருந்தவர்கள் என்று உங்கள் மகள் சொன்னார். உங்கள் வகுப்புப் பிள்ளை பரீட்சைக்கு வரவில்லையென்றால் வீட்டுக்கு ஆள் அனுப்பமாட்டீர்களா? எனக்கு ஆள் அனுப்ப வழியில்லை. கேட்கத்தான் முடியும். நாளைக்குக் கொண்டுவாருங்கள்" என்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் கோபித்துக்கொண்டிருப்பேன். இல்லை.

மறுநாள் வாடகைக் காரில் போனோம். பன்னிரண்டு நாள் தாமதம். மருத்துவர் வலக் கண்ணைப் பார்த்தார். இடக் கண்ணைப் பார்த்தார். மறுபடியும் இடக் கண்ணைப் பார்த்தார். நெற்றி விளக்கை அணைத்துவிட்டு, "இன்றைக்கே லேசர் செய்ய வேண்டும். நாளைக்கு என்று வைத்துக்கொள்ள வேண்டாம்" என்றார். நோய் கடுமையானால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சிகிச்சை நடந்தாக வேண்டுமென்பது அவர்கள் கடைப்பிடிக்கும் விதி. கண்ணுக்குள் ஊசி மூலம் மருந்து செலுத்தும் முறையும் அப்போதே வந்துவிட்டது; எங்கள் குழந்தைக்கு லேசரே தகும் என்றார்.

லேசர் என்ன செய்கிறது? கதறும் கடைமடையை அது சுட்டுவிடுகிறது. குழாய் எட்டாத ஓரப் பகுதியில் நூற்றுக்கணக்கான புள்ளிகளைச் சுட்டு, அப்பகுதி பிராணவாயு கேட்பதையே நிறுத்திவிடுகிறது. ஓரப் பார்வையில் ஒரு பங்கைப் பலி கொடுத்து நடுப் பார்வையைக் காப்பாற்றும் வழி அது. வலக் கண் அதற்கு இணங்கியது. ஒரே வாரத்தில் கெட்ட குழாய்கள் வாடின. இடக் கண்ணில் விழித்திரையின் ஒரு பகுதி எழும்பத் தொடங்கிவிட்டது. பின்னர் அறுவை சிகிச்சையும் செய்தார்கள். இன்று அந்தக் கண்ணுக்கு வெளிச்சமும், அருகில் நிற்கும் ஆளின் உருவமும் தெரியும். எழுத்துத் தெரியாது.

ஒரு நாள் தனியாக அம்மருத்துவரைக் கேட்டேன்: குறித்த தேதியில் வந்திருந்தால் இடக் கண் பிழைத்திருக்குமா? அவர் சிறிது நேரம் மேசையைப் பார்த்தார். "சொல்ல முடியாது அம்மா. சரியான நாளில் வந்தும் சில குழந்தைகளுக்கு இப்படி ஆவதுண்டு. ஆனால் இன்னும் ஒரு வாரம் தள்ளியிருந்தால் இரண்டு கண்ணும் போயிருக்கும்" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்குமென்று நினைத்துத்தான் சொன்னார். "சொல்ல முடியாது" என்பதுதான் என்னோடு தங்கிவிட்டது. கணிதத்தில் விடை தெரியாத கணக்கை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்வோம். இதை விட்டுப் போக எனக்கு வேறு பக்கம் கிடைக்கவில்லை.

அந்த நாள்களில் இந்நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1942-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கண் மருத்துவர் தியோடர் டெரி என்பவர், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் கண் வில்லைக்குப் பின்னால் வெண்ணிறத் திசு வளர்ந்து பார்வை பறிபோவதை முதன்முதலாக எடுத்துரைத்தார். அடுத்த பத்தாண்டுகளில் உலகில் ஏறத்தாழ பத்தாயிரம் குழந்தைகள் இவ்வாறு பார்வை இழந்தனர். 1950-இல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்து, பின்னாளில் பெரும் இசைக் கலைஞரான ஸ்டீவி வொண்டர் அவர்களுள் ஒருவர். விந்தை என்னவென்றால், ஏழை நாடுகளில் இந்நோய் அன்று காணப்படவில்லை. வசதி மிகுந்த, புதிய இன்குபேட்டர்கள் வாங்கிய மருத்துவமனைகளிலேயே கண்கள் போயின.

1951-இல் ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரத்துக் கேட் கேம்பெல் என்னும் பெண் மருத்துவர், பிராணவாயுவைத் தாராளமாகக் கொடுத்த இடத்தில் நோய் மிகுதி, சிக்கனமாகக் கொடுத்த இடத்தில் குறைவு என்று கண்டு எழுதினார். ஏறக்குறைய அதே காலத்தில் வாஷிங்டனில் ஆர்னால் பாட்ஸ் என்னும் இளம் மருத்துவர் இதைச் சோதித்துப் பார்க்க முற்பட்டார். குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கம்போல் மிகுதியாகவும், மற்றதற்குத் தேவையான அளவு மட்டும் குறைவாகவும் பிராணவாயு கொடுக்கச் செய்தார். அங்கே நடந்த ஒன்றைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். இரவுப் பணியிலிருந்த செவிலியர் சிலர், இம்மருத்துவர் குழந்தைகளை மூச்சுமுட்டக் கொல்லப் பார்க்கிறார் என்று அஞ்சி, அவர் போனபின் குறைவாகக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கும் இரகசியமாகக் குழாயைத் திறந்துவிட்டார்களாம்.

அவர்களை நான் நன்கு அறிவேன். எழுபது ஆண்டுகளுக்குமுன், கடல் கடந்த ஊரில், அந்த இரவு விளக்கடியில் நின்றவள் நான்தான். தொண்ணூற்றொன்றைக் கண்டு பொறுக்காமல் கூட்டி வைக்கச் சொன்னவளும், குளிர்காற்றுக்கு அஞ்சிக் குழந்தையைப் போர்வைக்குள் ஒளித்து வைத்தவளும் அவர்களுடைய இனம்தான்.

1953-இல் பதினெட்டு மருத்துவமனைகள் ஒன்றுகூடி நடத்திய பெரிய ஆய்வு, மறு ஆண்டில் பாட்ஸ் சொன்னது மெய்யென்று உறுதி செய்தது. உடனே எல்லாரும் பிராணவாயுவை இறுக்கிப் பிடித்தார்கள். நோய் குறைந்தது. ஆனால் நுரையீரல் முதிராத குழந்தைகள் மூச்சின்றி இறப்பது கூடிற்று. பிற்காலத்தில் கணக்கிட்டவர்கள், கண் ஒன்றைக் காக்க உயிர்கள் பல கொடுத்துவிட்டோம் என்று வருந்தி எழுதினார்கள். என் பேத்தியின் பாதத்தில் சுற்றியிருந்த சிவப்பு ஒளிப் பட்டை, இந்த இரு பக்கத்துத் துயரங்களுக்கும் நடுவே வழி காட்டும் கருவி. அதை அன்று அறிந்திருந்தால் அச்செவிலியரைக் கஞ்சத்தனமென்று நினைத்திருக்கமாட்டேன். அளவு தவறாமல் கொடுத்தாலும் மிகச் சிறிய குழந்தைகளுக்கு இந்நோய் வரலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொற்று, இரத்தம் ஏற்றுதல், எடை ஏறாமை ஆகியவையும் இதற்குத் துணைபோகின்றன.

நம் நாட்டு நிலை வேறு. 2020-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 30 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. முன்பு பிழைக்காத குழந்தைகள் இப்போது மாவட்டந்தோறும் பிழைக்கின்றன. பிழைத்தவர்களுக்கே இந்நோய் வரும். அமெரிக்காவில் ஒன்றரைக் கிலோ அல்லது அதற்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளையே பெரும்பாலும் பரிசோதிக்கிறார்கள். இங்கே அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் வருவதால், இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையோடு, அல்லது முப்பத்து நான்கு வாரத்துக்கு முன் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் முதற் பரிசோதனை முப்பது நாளுக்குள் நடக்க வேண்டும். மிகச் சிறியவர்களுக்கு இரண்டு, மூன்று வாரத்திலேயே நடக்க வேண்டும். ஒருமுறை பார்த்தால் போதாது. குழாய்கள் ஓரத்தை அடையும்வரை குறித்த நாளெல்லாம் போக வேண்டும். 2015-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில் ஒரு கோடியே எண்பது இலட்சம் ரூபாய் அளவுக்கு இழப்பீடு வழங்கியது. 1996-இல் பிறந்த அக்குழந்தையின் பெற்றோருக்கு இப்படியொரு பரிசோதனை உண்டென்றே சொல்லப்படவில்லை. செய்தித்தாளில் அதைப் படித்தபோது என் முகத்தில் சூடு ஏறியது. எங்களுக்குச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தார்கள். கோடும் போட்டார்கள்.

பேத்தி 2019-இல் முதல் வகுப்பில் சேர்ந்தாள். வலக் கண்ணுக்குத் தடித்த கண்ணாடி. இரண்டு வயதிலிருந்தே அணிகிறாள். முன்வரிசையில் உட்கார்ந்து கரும்பலகையைப் படித்துவிடுகிறாள். பந்து இடப்பக்கத்திலிருந்து வந்தால் தெரியாது. ஆகவே பாண்டி ஆடுகிறாள், பந்து ஆடுவதில்லை. ஆண்டுதோறும் மதுரைக்குப் போய்க் காட்டி வருகிறோம். லேசர் செய்த கண்ணில் பின்னாளிலும் விழித்திரை கிழியக்கூடும் என்பதால் அது நிற்காது. ஒரு பயணத்தையும் இதுவரை நான் தள்ளிப் போட்டதில்லை.

சென்ற ஆண்டு ஒரு மாலை, "அம்மாச்சி, எனக்கு மட்டும் இந்தக் கண் ஏன் இப்படி?" என்று கேட்டாள். வேறு எவரேனும் சொல்வதற்குமுன் நானே சொல்வது நல்லதென்று அலமாரியைத் திறந்து அந்தக் காகிதத்தை அவள் கையில் கொடுத்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கண்ணுக்கு மிக அருகில் வைத்து, சிவப்பு எழுத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு, "போன் பண்ணின நர்ஸ் அக்கா பேர் என்ன?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. மூன்று முறை அவரோடு பேசியிருக்கிறேன், ஒருமுறையும் கேட்கவில்லை. அடுத்த முறை மதுரை போனபோது அவ்வார்டில் இருவருமாக விசாரித்தோம். வேலையை விட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன, வெளிநாடு போயிருக்கலாம் என்றார்கள். அந்தக் காலத்துப் பதிவேடு கையில் இல்லையாம். சீட்டில் இருப்பது ஈரெழுத்துக் கையொப்பம் மட்டுமே. அதிலும் இரண்டாவது எழுத்து எங்கள் இருவருக்கும் புரியவில்லை.